இரைச்சல் என்று தள்ளிய கோடு

நிந்தவூர்க் கடற்கரையில் மீன்வாடிக்குள் லெப்டொப்போடு உட்கார்ந்த முதல் பெண்பிள்ளை பஸ்மினாதான். அதற்காக யாரும் அவளைப் பாராட்டவில்லை. வலை பொத்துகிறவர்கள் வாசலால் எட்டிப் பார்த்தார்கள், சிரித்தார்கள், போனார்கள். காலில் ஆணி குத்தி ஒரு மாதமாகக் கடலுக்குப் போகாத ஜெஸீம் மட்டும் போகாமல் நின்றான்.

"என்ன புள்ள, கடலுக்குள்ள இருந்து பெக்கட் வருதாமே. பால்மா பெக்கட்டா, சீனிப் பெக்கட்டா?"

"மூளை பெக்கட், ஜெஸீம் காக்கா. உங்களுக்கும் ஒண்டு எடுத்து வெக்கட்டா?"

வெளியே இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். பஸ்மினா சிரிக்கவில்லை. திரையை விட்டுக் கண்ணை எடுக்கவும் இல்லை. மணி பத்து. ஒன்பது இருபதுக்குப் பிறகு ஒரு பெக்கட்டும் வரவில்லை. நேற்றுச் செவ்வாய்க்கிழமையும் இதே கதைதான்.

கடலில் இருந்தவன் அவளுடைய அண்ணன், அவள் காக்கா என்று கூப்பிடும் றம்ஸீன். அவன் போட்டில் அவள் செய்த பெட்டி இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்தப் பெட்டி தான் நிற்கும் இடத்தை ஒரு சிறு பெக்கட்டாகக் கட்டி வானத்தில் எறிய வேண்டும். கரையில் அவள் அதைப் பிடிக்க வேண்டும். பிடித்துக் காட்ட அவளுக்குத் தந்தது மூன்று நாள். இன்று இரண்டாம் நாள். நாளை வியாழக்கிழமை மாலைக்குள் சரிவராவிட்டால், வாடி முகட்டில் நட்டிருக்கும் அன்ரனாக் கம்பத்தைக் கழற்றிவிட வேண்டும் என்று மீனவர் சங்கத் தலைவர் மஜீட் ஹாஜியார் சொல்லியிருந்தார். வாடி சங்கத்துடையது. கரையில் அவ்வளவு திறந்த இடம் வேறெங்கும் இல்லை. கம்பம் போனால் பெட்டி வெறும் பெட்டி. றம்ஸீன் பழையபடி வாயில்லாத ஆளாகக் கடலுக்குப் போவான்.

பஸ்மினாவுக்கு இருபத்து மூன்று வயது. உயர்தரப் பரீட்சையில் பௌதிகவியல் கைகொடுத்தது, இரசாயனவியல் காலை வாரியது. இரண்டாம் தடவையும் அப்படியே. சரி, இனி மாப்பிள்ளை பார்ப்போம் என்று வீட்டில் பேச்செடுத்த அன்றே பஸ் ஏறிக் கல்முனைக்குப் போய், போன் திருத்தும் கடையொன்றில் வேலை கேட்டுவிட்டு வந்தாள். இரண்டு வருசமாக அங்கே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருக்கிறாள். வருகிறவர்கள் இன்னமும், "மகள், திருத்துற பொடியன் எங்க?" என்றுதான் கேட்கிறார்கள். முதல் மாதங்களில் பதில் சொன்னாள். இப்போது பேசாமல் கையை நீட்டுகிறாள். நீட்டுகிற விதத்திலேயே கோபம் தெரியும்.

ஆனால் அது சில்லறைக் கோபம். பெரிய கோபத்துக்குத் தேதி இருக்கிறது. போன வருசம், வாடைக் காற்றுத் தொடங்கிய கிழமை. விடியச் சுபஹ் தொழுதுவிட்டுப் போன றம்ஸீனின் போட் அன்று மாலை கரைக்கு வரவில்லை. கரையிலிருந்து ஐந்தாறு மைல் தாண்டினால் போனில் சிக்னல் கோடு இருக்காது. பல நாள் தங்கித் தொழில் செய்யும் பெரிய போட்டுகளில் தகவல் கருவி உண்டு. விடிய வெளிக்கிட்டு மதியம் திரும்பும் சின்ன போட்டுக்கு அல்லாஹ்தான் கருவி. அவர்களுடைய உம்மா ஸுஹைறா அன்று மாலையே மஜீட் ஹாஜியாரின் வீட்டுக்கு ஓடினாள்.

"பதறாதீங்க," என்றார் ஹாஜியார். "இஞ்சின் கரச்சலாக்கும். பொத்துவில் பக்கம் கரை தட்டியிருப்பான். நாளைக்கு வருவான்."

மறுநாளும் அதையே சொன்னார். மூன்றாம் நாளும். தேடப் போகிறவர்களுக்கு அறிவித்தது நாலாம் நாள். அதற்குள் நீரோட்டம் போட்டை எங்கோ இழுத்துப் போயிருந்தது. ஒன்பதாம் நாள் திருகோணமலைப் பெரிய போட் ஒன்று அவனைக் கண்டது. றம்ஸீன் உதடு வெடித்து, கண் உள்ளே போய் வீடு வந்தான். என்ன நடந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம், "ஒண்டுமில்ல, கடல்ல மீன் குறைவு, வானத்துல நட்சத்திரம் கனக்க," என்று பகிடி விட்டான். நாற்பது நாள் கழிய மறுபடியும் கடலுக்குப் போனான். பயமாக இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. அந்த வீட்டில் அப்படிக் கேட்டுப் பழக்கம் இல்லை.

கேட்கத் தெரியாததால்தான் பஸ்மினா பெட்டி செய்தாள்.

சாதாரண ரேடியோவில் ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு பாகம் இருக்கும். அவள் வாங்கியது மென்பொருள் ரேடியோ. பெருவிரல் அளவு துண்டு. வானத்தில் வருவதை அப்படியே அள்ளிக் கொம்பியூட்டருக்குள் கொட்டும். எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரிப்பதெல்லாம் புரோகிராம். அனுப்புகிற பக்கத்துக்கும் அதே மாதிரி ஒரு சின்னப் பலகை. கடையில் எறிந்த போன்களிலிருந்து கழற்றிய பாகங்கள், ஒரு மோட்டார் சைக்கிள் பெட்டரி, இரவல் லெப்டொப். ஏழு மாதம் எடுத்தது.

பெக்கட் என்பது பெரிய விசயமில்லை என்று உம்மாவுக்கு அவள் விளங்கப்படுத்தினாள். வீட்டுக்கு வருகிற மனுசன் மாதிரித்தான். முதலில் ஸலாம் சொல்லும். பிறகு சேதி சொல்லும்: இன்ன நேரம், இன்ன இடம், பெட்டரி இவ்வளவு. கடைசியில் ஒரு கூட்டுத்தொகை சொல்லும். ஸலாம் கேட்காவிட்டாலோ, தொகை பிழைத்தாலோ கரை ரேடியோ அந்தப் பெக்கட்டை உள்ளே எடுக்காது. பெட்டிக்கு மேல் ஒரு பச்சைப் பட்டனும் வைத்தாள். அதை அமத்தினால் ஐந்து நிமிடம் காத்திராமல் உடனே ஒரு பெக்கட் போகும். அதில் 'நல்லம்' என்று இருக்கும். சிவப்புப் பட்டனில் 'இஞ்சின் பழுது'.

வீட்டு மேசையில் எல்லாம் பிசகில்லாமல் வேலை செய்தது. நூறு அனுப்பினால் நூறு. கடற்கரையில் வெயிலில் வைத்துப் பார்த்தபோது மட்டும் பெட்டி சூடேறி ஒருமுறை நின்றுபோனது. ஆகவே றம்ஸீனிடம் கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்:

"காக்கா, சூடாக மட்டும் உட்றாதீங்க. சூடேறினா செத்துரும்."

"சரி, புள்ளத்தாச்சி மாதிரிப் பாக்குறன்," என்றான் அவன்.

செவ்வாய்க்கிழமை விடிய ஐந்து மணியிலிருந்து பெக்கட்டுகள் ஒழுங்காக வந்தன. அவள் வாடிக்குள் தனியே இருந்து எண்ணினாள். ஐம்பது தாண்டியதும் மனசுக்குள் ஒரு மிதப்பு. பத்து மணிக்குக் கிட்ட அது நின்றது. மதியம் போட் கரைக்கு வந்து, றம்ஸீன் பெட்டியைத் தூக்கி வந்து மணலில் வைத்தான். கால் மணித்தியாலத்தில் பெக்கட் மறுபடி வரத் தொடங்கியது. அவள் கண் முன்னால் ஒழுங்காக வேலை செய்தது. முதுகுக்குப் பின்னால் போனால் ஊமையாகிவிடுகிறது. இதைவிட எரிச்சல் வேறென்ன?

அன்று மாலை அவள் வாடியைத் தலைகீழாக்கினாள். அன்ரனா வயரைக் கழற்றினாள். உப்புப் பூத்த இணைப்பை வெட்டிப் புதிதாகப் போட்டாள். ரேடியோவின் காதை, அதாவது கேட்கும் அளவை, அதிகம் கூட்டி வைத்தால் அது செவிடாகும் என்பதால் அதைக் குறைத்துப் பார்த்தாள், கூட்டிப் பார்த்தாள். ஒன்றிலும் பிழையில்லை. பிறகு திரையைக் காலை நேரத்துக்குத் திருப்பிப் பார்க்க, ஒன்றைக் கண்டாள். வானத்தில் வருவதையெல்லாம் நீலப் படமாக மேலிருந்து கீழே ஓடவிடும் திரை அது. பெக்கட் வந்தால் நடுவில் ஒரு சின்ன மஞ்சள் கோடு விழும். அந்த நடுவுக்குச் சற்றுத் தள்ளி, ஓரத்தில், வேறொரு மங்கல் கோடு விட்டு விட்டு விழுந்திருந்தது. சில நேரம் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, சில நேரம் ஒரு நிமிடத்துக்குள் இரண்டு. ஒழுங்கில்லை.

வாடிக்குப் பின்னால் ஐஸ் நொறுக்கும் மெஷின் இருக்கிறது. அதுவும் அப்படித்தான், நினைத்த நேரம் உறுமும். அவள் முடிவு கட்டிவிட்டாள்: அந்த மெஷினின் இரைச்சல்தான் நம்முடைய பெக்கட்டைக் கெடுக்கிறது. புரோகிராமில் நடுப்பகுதியை மட்டும் பார்க்கிற ஜன்னல் ஒன்று உண்டு. அந்த ஜன்னலை ஒடுக்கினாள். இரைச்சல் வெளியே நிற்கட்டும்.

புதன்கிழமை, அதாவது இன்று, ஒன்பது இருபதுக்கே நின்றுவிட்டது. நேற்றைக்கும் அரை மணித்தியாலம் முந்தி. மங்கல் கோடு மட்டும் வெளியே நின்று விட்டு விட்டு விழுந்தது. அவள் ஜன்னலை இன்னும் ஒடுக்கினாள். மங்கல் கோடு இன்னும் தள்ளிப் போனது.

பதினொரு மணிக்குத் தகரக் கூரை கொதித்தது. கச்சான் காற்று மணலை அள்ளி வாடிக்குள் கொட்டியது. லெப்டொப்பில் கை வைக்க முடியவில்லை. அப்போதுதான் மஜீட் ஹாஜியார் வந்தார். வெள்ளைச் சாரன், கையில் தஸ்பீஹ் மணிமாலை. திரையைப் பார்த்தார்.

"வருதா?"

"காலையில வந்த. இப்ப இல்ல."

"அப்ப காலையில மட்டும் ஆபத்து வரச் சொல்லி கடலுக்குச் சொல்லுவமா?"

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஜெஸீமும் சிரித்தான். பஸ்மினா திரைப் பக்கம் திரும்பினாள். சொல்லாததெல்லாம் உள்ளே போய்ச் சேர்ந்தது. பெட்டியில் பிழை இல்லை. வயரில் பிழை இல்லை. புரோகிராமில் பிழை இல்லை. அப்படியானால் மிச்சம் யார்? காலையில் வேலை செய்து, நடுக்கடலில் நின்று, கரைக்கு வந்ததும் வேலை செய்தால், இடையில் யாரோ ஓப் பண்ணுகிறார்கள். பெட்டரியை வேறெதற்கோ எடுக்கிறார்கள். பாட்டுக் கேட்கவாக்கும்.

இரண்டு மணிக்கு போட் கரை தட்டியது. அவள் வாடியிலிருந்து மணலில் இறங்கி நேரே போனாள். போட்டைத் தள்ளிக்கொண்டு நின்ற பத்துப் பன்னிரண்டு பேர் முன்னால் கத்தினாள்.

"எத்தின மணிக்கு ஓப் பண்ணின நீ?"

கோபத்தில் 'நீங்க' 'நீ'யாகிவிட்டது. றம்ஸீன் நிமிர்ந்தான்.

"என்னத்த?"

"பெட்டிய! ஒம்பது இருபதுக்கு என்ன செஞ்ச? போனுக்கு சார்ஜ் போட்டியா? பாட்டுக் கேட்டியா? ஏழு மாசம் நான் கண் முழிச்சிச் செஞ்சத நீ பாட்டுக் கேக்க எடுத்தியா?"

ஆட்கள் போட்டைத் தள்ளுவதை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். றம்ஸீனுடைய முகத்தில் எப்போதும் இருக்கும் பகிடி காணாமல் போனது.

"பஸ்மினா," என்றான் மெதுவாக. "கடல்ல ஒம்பது நாள் கெடந்தவன் நான். நானா அத ஓப் பண்ணுவன்?"

"அப்ப ஆரு செஞ்ச? மீனா?"

அவன் குனிந்து, மீன் போடும் வெள்ளை ரெஜிபோம் ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்தான். மீனை ஒதுக்கி, நொறுக்கின ஐஸுக்குள் கையை விட்டு, மூன்று பொலித்தீன் உறையால் சுற்றிக் கட்டிய பெட்டியை எடுத்தான். அன்ரனா வயர் மூடி விளிம்பால் வெளியே போயிருந்தது. வயர் நசியாமல் இருக்க விளிம்பைக் கத்தியால் செதுக்கி, அதற்குள் துணி சுற்றியிருந்தான்.

"சூடாக உடாத என்டு சொன்னாய். உடல்ல. இந்தா." பெட்டியை அவள் கையில் வைத்தான். "நாளைக்கி நான் கொண்டு போகல்ல. வேற போட் பாரு."

அவன் திரும்பிப் போனான். பஸ்மினா பெட்டியைப் பிடித்தபடி மணலில் நின்றாள். பெட்டி விரல் விறைக்கிற குளிராக இருந்தது.

விரலுக்குத்தான் முதலில் விளங்கியது. பிறகுதான் மூளைக்கு.

ரேடியோ எந்த அலைவரிசையில் நின்று பேச வேண்டும் என்பதைச் சொல்வது உள்ளே இருக்கும் ஒரு அரிசியளவு கிறிஸ்டல். மலிவான கிறிஸ்டல் சூட்டுக்கு ஒரு பக்கம் நகரும், குளிருக்கு மறுபக்கம் நகரும். வீட்டு மேசையில் அனுப்புகிறதும் பிடிக்கிறதும் ஒரே சூட்டில் இருந்தன. இங்கே ஒன்று ஐஸுக்குள். மற்றது தகரக் கூரைக்குக் கீழே அடுப்பில். விடியற்காலையில் இரண்டும் கிட்டக் கிட்ட நின்றன. வெயில் ஏற ஏற ஒன்றை விட்டு ஒன்று விலகின. ஒன்பது இருபதுக்கு ஜன்னலைத் தாண்டிவிட்டது. போட் கரைக்கு வந்து, பெட்டி மணலில் கிடந்து சூடேறினால் மறுபடி ஜன்னலுக்குள் வரும்.

அப்படியானால் அந்த மங்கல் கோடு?

அவள் ஓடினாள். செருப்பு மணலில் கழன்று கிடந்ததையும் எடுக்கவில்லை. மென்பொருள் ரேடியோவில் ஒரு நல்ல குணம் உண்டு. வானத்தில் வந்ததையெல்லாம், வேண்டும் வேண்டாம் என்று பாராமல், லெப்டொப்புக்குள் அப்படியே பதிந்து வைக்கலாம். அவள் பதிந்து வைத்திருந்தாள். அன்றைய பதிவைத் திறந்து, ஒன்பது இருபதுக்குப் போனாள். ஜன்னலைத் தூக்கி, தான் இரைச்சல் என்று தள்ளிய அந்தக் கோட்டுக்கு மேல் வைத்து ஓடவிட்டாள்.

ஸலாம் கேட்டது. சேதி வந்தது. தொகை சரி.

9.20, ஏழு மைல். 9.25, ஏழரை மைல். 9.30. 9.35. ஒன்றும் தவறவில்லை. ஓப் பண்ணவே இல்லை. அவள் அவனைக் கள்ளன் ஆக்கிய நேரமெல்லாம் பெட்டி கத்திக்கொண்டுதான் இருந்தது. காதைப் பொத்திக்கொண்டு இருந்தது அவள்.

9.37க்கு ஒரு பெக்கட். ஐந்து நிமிடக் கணக்குக்கு வெளியே. பச்சைப் பட்டன். 'நல்லம்.'

9.41, 'நல்லம்'. 9.42, 'நல்லம்'. 9.48. 9.53. 9.54.

அவள் இடத்தைப் பார்த்தாள். எட்டு மைல். அங்கே நின்று திரும்பிப் பார்த்தால் கரையின் தென்னைமரத் தலைகூடத் தெரியாது. கரை மறைகிற இடம். அங்கேயிருந்து திரும்பிக் கரை தெரிகிற இடத்துக்கு வரும்வரை, நட்சத்திரக் கதை சொல்லிப் பகிடி விடுகிற அவளுடைய காக்கா, யாரும் கேட்காமலே, பச்சைப் பட்டனை அமத்திக்கொண்டு இருந்திருக்கிறான். எண்ணினாள். நாற்பத்தொரு தடவை. நேற்றையப் பதிவையும் போட்டுப் பார்த்தாள். முப்பத்தாறு தடவை. ஐந்து நிமிட ஒழுங்கைக் குலைத்து, அவளை ஐஸ் மெஷின் என்று நம்ப வைத்தது அந்தப் பட்டன்தான். அவன் நல்லம் நல்லம் என்று சொல்ல, அவள் இரைச்சல் இரைச்சல் என்று ஜன்னலை ஒடுக்கியிருக்கிறாள்.

பஸ்மினாவுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. மஜீட் ஹாஜியார் மேல் வந்ததைவிடப் பெரிய கோபம். இந்தத் தடவை போய் நின்று கத்த வேறு ஆள் இல்லை. அவள்தான் இருந்தாள்.

பின்னேரம் அஸர் தொழுகைக்கும் மாலை மஃரிபுக்கும் இடையில் புரோகிராமைத் திருத்தினாள். பெட்டியை ஐஸிலிருந்து வெளியே எடுக்கச் சொல்லலாம். ஆனால் அலை உள்ளே அடிக்கிற சின்ன போட்டில் உப்புத் தண்ணி படாத மூடி போட்ட இடம் அந்த ஐஸ் பெட்டி ஒன்றுதான். றம்ஸீன் அறிந்துதான் வைத்திருக்கிறான். பெட்டி கரைக்காக இடம் மாறக்கூடாது. கரைதான் பெட்டியைத் தேடிப் போக வேண்டும். ஆகவே ஜன்னலை அகட்டினாள். ஸலாம் எங்கே கேட்கிறதோ அங்கே ஜன்னலை நகர்த்தி, அதன் பிறகு சேதியை வாசி என்று எழுதினாள். இருபது முப்பது வரி. இரண்டு நாள் பதிவையும் அதில் ஓடவிட்டாள். எல்லாம் வந்தது. மஃரிப் பாங்கு சொல்லும்போது லெப்டொப்பை மூடினாள்.

வீட்டில் றம்ஸீன் சோற்றுக் கோப்பையோடு மறுபக்கம் கிறுகி உட்கார்ந்தான். உம்மா ஸுஹைறா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னகா, ரெண்டு பேரும் வாய்ல கொழுக்கட்டையா?"

பஸ்மினா அங்கே மன்னிப்புக் கேட்கவில்லை. பத்துப் பன்னிரண்டு பேருக்கு முன்னால் சொன்ன பழியை அடுப்படியில் நின்று திருப்பி எடுப்பது நியாயமில்லை என்று பட்டது.

வியாழக்கிழமை சுபஹ் முடிந்த கையோடு கடற்கரைக்குப் போனாள். அதே ஆட்கள் போட்டைத் தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டு நின்றார்கள். பெட்டியை நீட்டினாள்.

"காக்கா. நேத்து நீங்க ஓப் பண்ணல்ல. பிழை என்ட ரேடியோவுல. உங்களக் கள்ளனாக்கினது நான். எல்லாருக்கும் கேக்கத்தான் சொல்றன்."

ஜெஸீமுக்குக்கூடப் பகிடி வரவில்லை. றம்ஸீன் அவளைப் பார்க்கவில்லை. பெட்டியை வாங்கினான்.

"ஐஸுக்குள்ளதானே?"

"ஐஸுக்குள்ளதான்."

மூடி திறந்தது, மூடியது. போட் போனது.

ஒன்பது இருபது வந்தது. பெக்கட் வந்தது. மஞ்சள் கோடு நடுவை விட்டு ஓரத்துக்கு மெல்ல மெல்ல நகர்ந்தது. ஜன்னலும் கூடவே நகர்ந்தது. பத்து மணி. பதினொன்று. தகரம் கொதித்தது, அவள் நனைத்த சாக்கொன்றைக்கூட மேலே போடவில்லை. கொதிக்கட்டும் என்று விட்டாள். இடையிடையே 'நல்லம்' வந்தது. அவற்றை வேறொரு இடத்தில் சேர விட்டாள். அதை யாரும் பார்க்கத் தேவையில்லை.

போட் கரை தட்டும் நேரம் மஜீட் ஹாஜியார் வந்தார். பின்னால் ஏழெட்டுப் பேர். றம்ஸீனும் ஈர உடுப்போடு வந்து வாசலில் நின்றான்.

"எத்தின வரணும்?"

"அஞ்சு மணியில இருந்து ரெண்டு மணி வரைக்கும் நூற்றியெட்டு."

"எத்தின வந்த?"

"நூற்றி மூணு."

ஹாஜியார் தஸ்பீஹை ஒரு மணி தள்ளினார். "அஞ்சு எங்க?"

"போட் சரியக்குள்ள அன்ரனா அலைக்குப் பின்னால போயிரும். அடுத்ததுல வந்துரும். அஞ்சு நிமிசம்தான் பிந்தும்."

"மகள், இது கடல். கடைத்தெரு இல்ல. அந்த அஞ்சுலதான் ஒருத்தன்ட மௌத்து இரிக்கும். அஞ்சு காணாமப் போற சாமானத்த நம்பி நான் நாப்பது போட்ட அனுப்பலாமா?"

சொல்லிவிட்டுச் சுற்றிப் பார்த்தார். இரண்டொருவர் தலையாட்டினார்கள். பஸ்மினா எழும்பினாள். கதிரை பின்னால் விழுந்தது.

"ஹாஜியார், நான் ஒண்டு கேக்கட்டா? போன வருசம் என்ட காக்கா ஒம்பது நாள் கடல்ல கெடக்கக்குள்ள உங்களுக்கு எத்தின வந்த?"

"என்ன?"

"எத்தின பெக்கட் வந்த? நூற்றி மூணா? மூணா? ஒண்டாவது வந்ததா?" அவள் குரல் வாடியைத் தாண்டி வெளியே கேட்டது. "ஒண்டும் வரல்ல. ஒண்டும் வராமலே பொத்துவில்ல இரிக்கான் என்டு சொன்னீங்க. மூணு நாள் சொன்னீங்க. என்ட உம்மா உங்கட வாசல்ல நிண்டு நிண்டு வந்தா. அப்ப நீங்க அஞ்சு எங்க என்டு கேக்கல்ல. ஆள் எங்க என்டும் கேக்கல்ல. இண்டைக்கு எண்ணத் தெரிஞ்ச உங்களுக்கு அண்டைக்கு என்ன நடந்த?"

ஹாஜியார் றம்ஸீனைப் பார்த்தார். ஊரில் பெரியவர் முன்னால் தங்கச்சி வாய் நீண்டால் காக்காக்காரன் அதட்ட வேண்டும், அதுதான் வழக்கம். எல்லாரும் அதற்காகத்தான் அவனைப் பார்த்தார்கள். றம்ஸீன் அதட்டவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, பதிலுக்குக் காத்திருக்கிறவன் போல ஹாஜியாரைப் பார்த்தபடி நின்றான்.

தஸ்பீஹ் ஓடாமல் நின்றது.

"கம்பம் நிக்கட்டும்," என்றார் ஹாஜியார், ஒரு வழியாக. அவளிடம் அல்ல, மணலிடம் சொல்வது போல. பிறகு யாருக்கும் ஸலாம் சொல்லாமல் இறங்கிப் போனார்.

அவள் நன்றி சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. விழுந்த கதிரையை ஜெஸீம் தூக்கி வைத்தான்.

"புள்ள, அந்த மூளை பெக்கட் மிச்சம் இரிக்கா?"

"உங்களுக்கு முதல் ஹாஜியாருக்கு."

ஆட்கள் கலைந்தார்கள். றம்ஸீன் ஐஸ் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வீதியை நோக்கி நடந்தான். அவள் ரேடியோப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். தென்னைமரங்களுக்குக் கிட்ட வந்ததும் அவனை எட்டிப் பிடித்தாள்.

"காக்கா," என்றாள். "அந்தப் பச்சைப் பட்டன். இனி அமத்துறதெல்லாம் எனக்கு வரும்."

அவன் நடை ஒருகணம் பிந்தியது. ஐஸ் தண்ணி அவன் முதுகால் வழிந்தது.

"முந்தி வரல்லயா?"

"வந்த. நான்தான் எடுக்கல்ல. நேத்துத்தான் பாத்தன். எல்லாத்தையும்."

அவன் காது சிவந்தது. பகிடி ஒன்றைத் தேடினான், கிடைக்கவில்லை. "சும்மா அமத்தின," என்றான். "பட்டன் வேலை செய்யுதா என்டு பாக்க."

"ஓம்."

"நாளைக்குக் கொஞ்சமா அமத்துறன். பெட்டரி தின்னும்."

"ஒண்டும் தின்னாது." அவளுக்கு மறுபடி கோபம் வந்தது. யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. "நூறு தரமெண்டாலும் அமத்துங்க. நான் எண்ணுறதுக்குத்தானே இரிக்கன்."

றம்ஸீன் ஐஸ் பெட்டியை மற்றத் தோளுக்கு மாற்றினான்.

"நாளைக்கி வெள்ளிக்கிழமை, ஜும்ஆ. கடல் இல்ல," என்றான். "சனிக்கிழமை அமத்துறன்."